உங்க தெருவுல ஸ்ட்ரிப் கிளப் வரப்போகுதா? இங்கிலாந்துக்குப் புதுசா வந்த நம்மாளுங்களுக்கு ஒரு வழிகாட்டி

போன அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை காலையில பொண்ண தமிழ் ஸ்கூல்ல விட்டுட்டு கார்ல உக்காந்து பிளாஸ்க் காபிய குடிச்சிட்டு இருந்தேன், எங்க கோயில்ல அன்னதானப் பொறுப்பு பாக்கற யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க வந்து கண்ணாடிய தட்டினாங்க. "பிள்ளை, அந்தப் பூட்டிக் கிடக்கிற பப் கதவில ஏதோ ஒட்டியிருக்கினம், ஒருக்கா வந்து வாசிச்சுப் பாரும்"னாங்க. போய் பாத்தேன். கண்ணாடிக்கு உள்பக்கமா செல்லோடேப் போட்டு ஒட்டின ஒரு சாதா வெள்ளை காகிதம், மழை ஈரத்துல பாதி எழுத்து மங்கலா தெரியுது, மூணாவது வரியில 'செக்சுவல் என்டர்டெயின்மென்ட் வென்யூ'ன்னு இருக்கு, நேரம் ராத்திரி 9 மணியிலேருந்து விடியக்காலை 5 மணி வரைக்கும். அக்கா "என்ன எழுதியிருக்கு"ன்னு கேக்கறாங்க, எனக்கு சட்டுன்னு தமிழ்ல எப்படி சொல்றதுன்னே தெரியல, "டான்ஸ் கிளப் அக்கா... துணி இல்லாம ஆடற கிளப்"னு சொன்னேன். அவங்க கோயில் பக்கம் ஒரு தடவை திரும்பி பாத்தாங்க. அங்கேருந்து நடந்தா 2 நிமிஷம் கூட கிடையாது.

அன்னைக்கு ராத்திரியே உக்காந்து, எங்க ஊர் நிர்வாகத்த பாக்கற கவுன்சிலுக்கு ஒரு ஈமெயில் எழுதினேன். இது கலாச்சார சீரழிவு, இது அசிங்கம், எங்க பிள்ளைங்க எப்படி இந்த வழியா நடக்கும், இப்படி கொட்டித் தீத்தேன். ரெண்டு நாள்ல ரெண்டே வரியில பதில் வந்துச்சு, ஒழுக்கத்த அடிப்படையா வச்ச ஆட்சேபணைய கணக்குல எடுத்துக்க முடியாதுங்கற மாதிரி. செம கடுப்பாயிடுச்சு. ஆனா அப்புறம் சட்டத்த எடுத்து படிச்சப்ப தான் புரிஞ்சுது, தப்பு என் மேல தான், நான் கேட்ட கேள்வி வேற, அவங்க பதில் சொல்ல வேண்டிய கேள்வி வேற. அந்த விஷயத்த தான் இங்க எழுதறேன். இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும், ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டமே தனி.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம்

2010 வரைக்கும் இந்த மாதிரி கிளப்புக்கு தனி லைசென்ஸே கிடையாது. 2003 லைசென்சிங் சட்டத்துல பப்புக்கு என்ன லைசென்ஸோ அதே தான். அந்த சட்டத்துல எதிர்க்க 4 காரணம் தான், குற்றம், பொது பாதுகாப்பு, அக்கம்பக்கத்துக்கு தொந்தரவு, குழந்தைங்களுக்கு தீங்கு. இந்த நாலுக்குள்ள அடங்கலன்னா பேச்சே இல்ல. ஆப்ஜெக்ட், ஃபாசெட் சொசைட்டின்னு பெண்கள் உரிமைக்கான ரெண்டு அமைப்பு சேர்ந்து 2008ல பெரிய பிரச்சாரம் பண்ணாங்க, டர்ஹம் எம்.பி. ராபர்ட்டா பிளாக்மன் வுட்ஸ் பார்லிமென்ட்ல தனி மசோதா கொண்டு வந்தாங்க, அதெல்லாம் சேர்ந்து 2009 போலீசிங் அண்ட் கிரைம் ஆக்ட்ல 27ஆவது பிரிவா வந்துச்சு, இங்கிலாந்துல 2010 ஏப்ரல்லேருந்து அமல். அது பண்ணது என்னன்னா, செக்ஸ் ஷாப்புக்கு ஏற்கெனவே இருந்த 1982ஆம் வருஷத்து சட்டத்துக்குள்ள, அதோட 3ஆவது அட்டவணையில, இந்த கிளப்பையும் சேத்துடுச்சு. இந்த "1982, அட்டவணை 3" ரெண்டையும் மனப்பாடம் பண்ணி வச்சுக்குங்க, போன்ல பேசறப்ப இத சொன்னா எதிர்ல இருக்கறவங்க குரலே மாறும்.

ஒரு விஷயம், இந்த பிரிவ ஒவ்வொரு கவுன்சிலும் தானா தீர்மானம் போட்டு ஏத்துக்கணும், அப்ப தான் அந்த ஊர்ல செல்லும். பெரும்பாலான இடத்துல ஏத்துக்கிட்டாங்க, இருந்தாலும் உங்க கவுன்சில்ல லைசென்சிங் டிபார்ட்மென்டுக்கு போன் போட்டு ஒரு தடவை கேட்டுடுங்க. கூடவே அவங்களோட எஸ்.ஈ.வி. (செக்சுவல் என்டர்டெயின்மென்ட் வென்யூங்கறதோட சுருக்கம்) பாலிசிய வெப்சைட்லேருந்து இறக்கி படிங்க. சில கவுன்சில்ல எந்த ஏரியாவுக்கு எத்தனை கிளப் வரலாம்னு எண்ணிக்கையே போட்டிருப்பாங்க, பூஜ்யம்னு கூட போடலாம், சட்டமே அத ஒத்துக்குது. லண்டன்ல ஹாக்னி 2011ல அப்படி பூஜ்யம்னு வச்சாங்க, ஏற்கெனவே இருந்த கிளப்புகளுக்கு மட்டும் விதிவிலக்கு குடுத்து. உங்க ஊர் பாலிசியிலயே பூஜ்யம்னு இருந்தா பாதி வேலை முடிஞ்சுது, ஆனா முழு வேலையும் முடிஞ்சுதுன்னு நினைச்சு வீட்ல இருந்துடாதீங்க, பாலிசிங்கறது பாலிசி தான், ஒவ்வொரு அப்ளிகேஷனையும் தனியா பாத்து தான் முடிவு எடுக்கணும்.

ஒரு ஓட்டையும் இருக்கு. 12 மாசத்துக்குள்ள 11 தடவைக்கு மேல போகாம, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு மாசம் இடைவெளி விட்டு, ஒரு தடவைக்கு 24 மணி நேரத்த தாண்டாம நடத்தினா இந்த லைசென்ஸே தேவையில்ல. ஒரு பப்ல எப்பவோ ஒரு நாள் நடக்குதுன்னா அது இந்த கணக்குல வருதான்னு முதல்ல பாத்துக்குங்க.

நாள் எண்ணுங்க

இங்க தான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. ஆட்சேபணை எழுத்துல போய் சேர வேண்டியது, அப்ளிகேஷன் குடுத்த தேதியிலேருந்து 28 நாளுக்குள்ள. நீங்க நோட்டீஸ எப்ப பாத்தீங்கங்கறத யாரும் கேக்க மாட்டாங்க. கதவுல நோட்டீஸ் இருக்க வேண்டியது 21 நாள், லோக்கல் பேப்பர்ல ஒரு விளம்பரம் 7 நாளுக்குள்ள வரணும், அவ்ளோ தான் உங்களுக்கு கிடைக்கற தகவல், அந்த பேப்பர நம்மாள்ல யார் வாங்கறாங்க சொல்லுங்க. எங்க நோட்டீஸ்ல தேதி அக்டோபர் 2, நாங்க பாத்தது 14, ஆக கடைசி நாள் 30, கையில இருந்தது 16 நாள். மது விக்கற லைசென்ஸுக்கான நோட்டீஸ் வெளிர் நீல காகிதத்துல இருக்கும், அது வேற சட்டம், வேற கெடு. ரெண்டுமே ஒட்டியிருந்தா ரெண்டுக்கும் தனித்தனியா எழுதணும், ஒண்ணுல எழுதினது இன்னொண்ணுக்கு போகாது.

நாள் தாண்டிடுச்சுன்னா? அப்பவும் அனுப்புங்க. லேட்டா வந்தத பாக்கறதும் பாக்காததும் கவுன்சில் இஷ்டம், ஆனா பாக்கவே கூடாதுன்னு இல்ல. வட அயர்லாந்துல சட்டம் தனின்னாலும், அங்க பெல்ஃபாஸ்ட்ல ஒரு செக்ஸ் ஷாப் கேஸ், அப்ப உச்ச கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போச்சு, அதுல லேட்டா வந்த ஆட்சேபணைகள கவுன்சில் கணக்குல எடுத்துக்கிட்டு, அந்த ஏரியாவுக்கு பூஜ்யம்னு முடிவு பண்ணாங்க, 2007ல லார்ட்ஸ் அது தப்பில்லன்னுட்டாங்க.

யார் ஆட்சேபிக்கலாம்? யார் வேணும்னாலும். பக்கத்து வீடா இருக்கணும்னு இல்ல, சிட்டிசனா இருக்கணும்னு இல்ல, விசாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நம்மாளுங்க பாதி பேர் "நமக்கு எதுக்கு வம்பு, ஐ.எல்.ஆர். வர்ற நேரத்துல"ன்னு (நிரந்தரமா தங்கற அனுமதிய தான் சொல்றாங்க) ஒதுங்குவாங்க, அவங்களுக்கு பொறுமையா சொல்லுங்க. இன்னொண்ணு, உங்க பேரும் அட்ரஸும் கவுன்சிலுக்கு தெரியணும், ஆனா உங்க சம்மதம் இல்லாம அத அப்ளிகேஷன் போட்டவருக்கு குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அதனால லெட்டருக்குள்ள "நான் எதிர்ல இருக்கற பச்சை கதவு வீட்டுக்காரி"ன்னு நீங்களே எழுதி மாட்டிக்காதீங்க, கவுன்சில் பேர மறைச்சாலும் பச்சை கதவ மறைக்க மறந்துடும்.

லெட்டருக்கு முன்னாடி நடங்க

முடிவு எடுக்கறது கவுன்சிலோட லைசென்சிங் கமிட்டி. அந்த கமிட்டிக்கு தன் விருப்பத்த வச்சு மறுக்கறதுக்கு சட்டம் குடுத்திருக்கற காரணம் மொத்தமே சில தான். அப்ளிகேஷன் போட்டவர் தகுதியில்லாதவர், இல்லன்னா அவர முன்னாடி நிறுத்திட்டு பின்னாடி வேற ஒருத்தர் நடத்தறார், இது ரெண்டும் உங்களால நிரூபிக்க கஷ்டம், போலீஸ் பாத்துக்கும், கேள்விப்பட்ட வதந்திய தயவு செஞ்சு எழுதாதீங்க. மூணாவது எண்ணிக்கை, அந்த வட்டாரத்துக்கு போதும்னு கவுன்சில் நினைக்கற அளவு ஏற்கெனவே இருக்கு. நாலாவது தான் நம்ம இடம். அந்த வட்டாரத்தோட தன்மை, பக்கத்துல இருக்கற கட்டடங்கள் எதுக்கு பயன்படுது, அந்த கட்டடத்தோட அமைப்பும் நிலைமையும். ஆக நீங்க எழுத வேண்டியது கிளப்ப பத்தி கம்மி, உங்க தெருவ பத்தி நிறைய.

உங்க தெரு உங்களுக்கு தெரியும்னு நினைக்காதீங்க. நோட்புக் எடுத்துக்கிட்டு நடங்க, ரெண்டு பேரா போங்க. நாங்க மூணு தடவை போனோம், சனிக்கிழமை காலை, வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு, அப்புறம் ஒரு நாள் விடியக்காலை 5 மணிக்கு. பப் வாசல்லேருந்து அடி அடியா எண்ணினோம். பஸ் ஸ்டாப் 40 அடி எடுத்து வச்சா வந்துடுது. தமிழ் ஸ்கூல் நடக்கற சர்ச் ஹால் 110. கோயில் 170. நடுவுல ஒரு பல் டாக்டர், ஒரு நர்சரி, மாடியில பெண்கள் தங்கற ஹாஸ்டல் ஒண்ணு, அது அங்க இருக்கறது 9 வருஷமா இந்த ஊர்ல இருக்கற எனக்கே அன்னைக்கு தான் தெரியும். ராத்திரி 10 மணிக்கு அந்த பஸ் ஸ்டாப்ல நின்னவங்கள எண்ணினோம், 7 பேர், அதுல 5 பேர் பொம்பளைங்க, கழுத்துல ஆஸ்பத்திரி அட்டை தொங்குது, ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்க.

இந்த நேரக் கணக்கு ஏன் முக்கியம்னா, அப்ளிகேஷன் போட்டவரோட வக்கீல் கண்டிப்பா சொல்ல போறது இது தான், "ஸ்கூல் மதியமே மூடிடும், நாங்க திறக்கறது ராத்திரி 9 மணிக்கு, யாருக்கு என்ன பாதிப்பு?" இதுக்கு பதில் இல்லாம உள்ள போனா அங்கேயே படுத்துடும். அக்கா தான் அதுக்கு பதில் கண்டுபிடிச்சாங்க. "பிள்ளை, திருவெம்பாவைக்கு நாங்கள் விடிய அஞ்சு மணிக்கெல்லோ வாறனாங்கள்." மார்கழியில 10 நாள், இருட்டுல, குளிர்ல, வயசானவங்களும் பாவாடை கட்டின குட்டிப் பொண்ணுங்களும் அந்த பஸ் ஸ்டாப் வழியா தான் கோயிலுக்கு நடந்து வருவாங்க, கிளப் மூடற நேரமும் அதே 5 மணி. சிவராத்திரிக்கு ராத்திரி முழுக்க கோயில் திறந்திருக்கும். இத எந்த மேப்லயும் பாக்க முடியாது, நாம சொன்னா தான் கமிட்டிக்கு தெரியும். உங்க ஊர்ல கோயில் இல்லன்னா மசூதியில ரம்ஜான் ராத்திரி தொழுகை இருக்கும், சர்ச்ல நள்ளிரவு பூசை இருக்கும், லைப்ரரியில சாயங்கால கிளாஸ் இருக்கும். போய் கேளுங்க, கேட்டா சொல்லுவாங்க.

போட்டோ எடுக்கறதா இருந்தா கட்டடத்த மட்டும் எடுங்க, ஆளுங்கள எடுக்க வேண்டாம். அதுவும் ஏற்கெனவே ஓடிட்டு இருக்கற கிளப்புன்னா வாசல்ல போய் போன தூக்கி பிடிக்கவே பிடிக்காதீங்க, வர்றவங்க போறவங்க, உள்ள வேலை பாக்கற பொண்ணுங்க, யாரையும்.

இப்ப லெட்டர்

ஒரு பக்கம், போனா ஒண்ணரை. மேல அப்ளிகேஷன் நம்பர், கட்டடத்தோட அட்ரஸ், "1982 சட்டம் அட்டவணை 3 கீழ ஆட்சேபிக்கறேன்"னு ஒரு வரி. அப்புறம் நேரா விஷயம். என்னோட முதல் லெட்டர்ல "இந்த அசிங்கம் எங்க சமுதாயத்த அழிச்சிடும்"னு எழுதியிருந்தேன். ரெண்டாவது லெட்டர்ல அதே இடத்துல இருந்தது இது: "இந்தக் கட்டடத்திலிருந்து 110 காலடி நடந்தால் வரும் ஹாலில் சனிக்கிழமை தோறும் 9.30 முதல் 12.30 வரை 60 பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் வரும் ஒரே வழி இந்த வாசல்தான். கிளப் மூடியிருந்தாலும் அதன் பெயர்ப்பலகையும் ஜன்னல் படங்களும் அந்த நேரத்தில் மூடியிருக்காது." ரெண்டையும் பக்கத்துல வச்சு படிச்சு பாருங்க. ரெண்டாவதுல கோபமே இல்ல, ஆனா பதில் சொல்லாம நகர முடியாது.

இதுல ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும், பெண்கள் பாதுகாப்பு, பெண்கள பொருளா பாக்கறதுன்னு எழுதினா அதுவும் "ஒழுக்கம்"னு தள்ளிடுவாங்களான்னு. தள்ளக் கூடாது. 2010 ஈக்வாலிட்டி ஆக்ட் 149ஆவது பிரிவு படி எந்த முடிவு எடுக்கறப்பவும் ஆண் பெண் சமத்துவத்துக்கு அந்த முடிவால என்ன ஆகும்னு கவுன்சில் யோசிச்சே ஆகணும். ஷெஃபீல்டுல ஒரு கிளப்போட லைசென்ஸ 2017ல புதுப்பிச்சப்ப இந்த மாதிரி ஆட்சேபணைகள ஒழுக்கக் கணக்குல ஒதுக்கிட்டாங்க, அந்த ஊர் பொண்ணு ஒருத்தங்க கோர்ட்டுக்கு போனாங்க, 2018ல கவுன்சிலே இந்த கடமைய சரியா பாக்கலன்னு ஒத்துக்கிச்சு. அதனால தைரியமா எழுதுங்க, ஆனா "பெண்கள் பொதுவா"ன்னு ஆரம்பிக்காம, "நான் வாரத்துக்கு மூணு நாள் ராத்திரி 10.20 பஸ்ஸுக்கு இங்க நிக்கறேன், இந்த கிளப் வந்தா நான் அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்து போவேன்"னு எழுதுங்க. எங்க லெட்டர்கள்லயே கனமானது ஒரு நர்ஸ் தங்கச்சி எழுதின அந்த ஆறு வரி தான்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

புள்ளிவிவரம் போடணும்னு கை பரபரக்கும், கொஞ்சம் அடக்குங்க. கிளப் வந்தப்புறம் லண்டன் கேம்டன்ல பாலியல் குற்றம் ஏறிடுச்சுன்னு 2003ல ஒரு அறிக்கை வந்துச்சு, இன்னைக்கும் வாட்சாப்ல சுத்துது, அதுல கணக்கு போட்ட விதம் சரியில்லன்னு பின்னாடி பலமா அடி வாங்கிடுச்சு. அத நீங்க எடுத்து வச்சா எதிர் வக்கீல் அந்த ஒண்ண பிடிச்சே உங்க மொத்த லெட்டரையும் கவுத்துடுவார். உங்க நோட்புக்ல இருக்கற எண்ணிக்கைய யாராலயும் கவுக்க முடியாது.

லெட்டர் இங்கிலீஷ்ல போகணும். வயசானவங்க தமிழ்ல சொல்ல சொல்ல நீங்க இங்கிலீஷ்ல டைப் பண்ணுங்க, ஆனா அவங்க சொன்னத மாத்தி பெருசாக்காதீங்க. ஒரே மாதிரி லெட்டர் 50 காப்பி எடுத்து பேர மட்டும் மாத்தி அனுப்பறது வேலைக்கு ஆகாது, 50ம் ஒண்ணா தான் தெரியும். பத்து பேர் பத்து விதமா எழுதினா அது பத்து. பெட்டிஷன் கூட இருக்கட்டும், தப்பில்ல, ஒவ்வொரு பக்கத்துலயும் மேல எதுக்காக கையெழுத்துன்னு எழுதி, பேர், முழு அட்ரஸ் வாங்குங்க. கோயில் பொங்கல் வரிசையில நின்னு நாங்க ஒரு மணி நேரத்துல 140 கையெழுத்து வாங்கினோம், அதுல 31 பேர் போஸ்ட் கோடு எழுதல, மறுபடி போன் போட்டு வாங்கறதுக்குள்ள அந்த வாரமே போயிடுச்சு.

ஆள் சேர்க்கறது

நம்மாளுங்க மட்டும்னு இருந்துடாதீங்க, இத நான் அழுத்தி சொல்றேன். தமிழ்க்காரங்க மட்டும் கூடினா "அந்த சமூகத்துக்கு பிடிக்கல போல"ன்னு ஒரு மூலையில ஒதுக்கிடுவாங்க. சர்ச் ஹால் பொறுப்பாளர், நர்சரி நடத்தற அம்மா, ஹாஸ்டல் மேனேஜர், மீன் சிப்ஸ் கடைக்காரர், எல்லார்கிட்டயும் போங்க. நர்சரிக்காரங்களுக்கு இப்படி ஒரு நோட்டீஸ் இருக்கறதே தெரியாது, நாங்க சொன்னப்ப அவங்க பேரண்ட்ஸ் குரூப்ல போட்டு ரெண்டே நாள்ல 20 லெட்டர் போச்சு.

உங்க வார்டு கவுன்சிலர பாருங்க. ஆனா முதல்ல அவர் லைசென்சிங் கமிட்டியில இருக்காரான்னு செக் பண்ணுங்க. கமிட்டியில இருக்கறவங்க கேக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்கன்னு பேர் வரக் கூடாது, அதனால அவங்ககிட்ட தனியா போய் பேசி சத்தியம் வாங்கினா நீங்களே உங்க கேஸ கெடுக்கறீங்க. கமிட்டியில இல்லாதவரா இருந்தா அவரே ஆட்சேபணை எழுதலாம், வந்து பேசலாம். "எனக்கு தான் ஓட்டு இல்லயே, என்ன மதிப்பாரா"ன்னு புதுசா வந்தவங்க கேப்பாங்க. இருக்கு. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்க காமன்வெல்த் சிட்டிசன், இங்க சட்டப்படி தங்கியிருந்து 18 வயசானா ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேத்து ஓட்டு போடலாம். எங்க கோயில்ல அன்னைக்கு இத சொன்னப்ப பாதி பேருக்கு புது விஷயம்.

ஹியரிங் அன்னைக்கு

ஹியரிங்னா கமிட்டி ரெண்டு பக்கமும் கேட்டு முடிவு எடுக்கற கூட்டம். பொதுவா அதுக்கு 5 வேலை நாள் முன்னாடி அஜெண்டாவும் ஆஃபீசர் ரிப்போர்ட்டும் வெப்சைட்ல வந்துடும். உங்க லெட்டர் அதுல இருக்கான்னு பாருங்க, பேர் மறைச்சிருக்கான்னு பாருங்க. எங்களுதுல மூணு லெட்டர் விட்டுப் போயிருந்துச்சு, போன் பண்ணி சொன்னப்புறம் தான் சேத்தாங்க. பேசற உரிமை சட்டப்படி அப்ளிகேஷன் போட்டவருக்கு தான், நமக்கு கமிட்டி பாத்து அனுமதிக்கறது, பெரும்பாலும் குடுப்பாங்க, ஆனா முன்கூட்டியே எழுதி கேட்டு வைங்க. நேரம் மூணு நிமிஷமோ அஞ்சு நிமிஷமோ தான். வீட்ல போன்ல டைமர் வச்சு ரெண்டு தடவை பேசி பாருங்க, நான் முதல் தடவை பேசினப்ப 11 நிமிஷம் வந்துச்சு. ஒருத்தர் சொன்னதையே அடுத்தவர் சொல்லாம பிரிச்சுக்குங்க. எங்கள்ல ஒருத்தர் ஸ்கூல், ஒருத்தர் பஸ் ஸ்டாப், அக்கா கோயில். அக்கா தமிழ்ல பேச நான் மொழிபெயர்த்தேன், 5 மணி குளிர்ல கையில தூக்குச்சட்டியோட நடந்து வர்றத அவங்க சொன்னப்ப சேர்மன் பேனாவ கீழ வச்சுட்டு, "எந்த மாசம், எத்தனை நாள்"னு திருப்பி கேட்டார்.

என் பக்கத்து சீட்ல சிவப்பு கோட் போட்ட ஒரு பொண்ணு உக்காந்திருந்தா, 25 வயசு இருக்கும், என் பேப்பர் கீழ விழுந்தப்ப எடுத்து குடுத்தா. கொஞ்ச நேரம் கழிச்சு அவ எழுந்து போய் பேசினா, வேற ஊர் கிளப்ல டான்ஸரா இருக்கா. இங்க திறந்தா தினம் ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டாம், கிளப்புன்னா கேமரா இருக்கு, வாசல்ல ஆள் இருக்கு, இத மூடினா தனியார் பார்ட்டிக்கு தான் போகணும், அங்க யாரும் இல்லன்னு அவ சொன்னா. அதுக்கு என்கிட்ட முழு பதில் இல்ல, இப்பவும் இல்ல. பிரிஸ்டல்ல 2022ல பூஜ்யம் ஆக்கலாமான்னு பேச்சு வந்தப்ப இந்த மாதிரி வேலை பாக்கற பொண்ணுங்க திரண்டு வந்து எதிர்த்தாங்க, கமிட்டி பூஜ்யம் வேண்டாம்னு தான் முடிவு பண்ணாங்க. ஸ்காட்லாந்துல சட்டம் தனின்னாலும், அங்க எடின்பரோவுல 2022ல பூஜ்யம்னு கொண்டு வந்தத அடுத்த வருஷமே கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, அந்த வழக்குலயும் டான்ஸர்களோட யூனியன் இருந்துச்சு. நான் இன்னும் அந்த இடத்துல அந்த கிளப் வேண்டாம்னு தான் சொல்றேன், ஆனா ஹியரிங்ல ஆடற பொண்ணுங்கள பத்தி ஒரு வார்த்தை தப்பா பேசாதீங்க, அவங்க உங்க பின்னாடி சீட்ல தான் உக்காந்திருப்பாங்க. உங்க சண்டை லைசென்ஸோட. நம்மாள் ஒருத்தர் ஆரம்பத்துல ஒரு அசிங்கமான வார்த்தை விட்டுட்டார், சேர்மன் அங்கேயே நிறுத்திட்டார், அவரோட நல்ல பாயிண்ட் ரெண்டும் அதோட போச்சு.

பேசறப்ப ஒரு பேக்கப் கைவசம் வைங்க. "மறுக்கணும்னு தான் கேக்கறோம், ஒருவேளை குடுத்தீங்கன்னா இந்த நிபந்தனைகளோட குடுங்க"ன்னு. நேரத்த குறைக்கறது, வெளிய படம் போர்டு கூடாது, தெருவுல நின்னு நோட்டீஸ் குடுக்கக் கூடாது, கேமரா பதிவு வைக்கணும், மூடற நேரத்துல வாசல்ல ஆள் நிக்கணும். இத கேட்டா தோத்துட்ட மாதிரி ஆகுமேன்னு எங்கள்ல சிலருக்கு கோபம், எனக்கும் ஒரு நாள் தூக்கம் வரல. ஆனா கடைசியில கைக்கு வந்தது அது தான்.

முடிவு வந்தப்புறம்

எங்களுக்கு லைசென்ஸ் குடுத்துட்டாங்க. 5 மணிய 2 மணி ஆக்கி, வெளிய போர்டு படம் எதுவும் கூடாதுன்னு போட்டு. அன்னைக்கு சாயங்காலம் எல்லாரும் இடி விழுந்த மாதிரி உக்காந்திருந்தாங்க, நான் தான் சொன்னேன், இது ஒரு வருஷ லைசென்ஸ் தான்னு. அதிகபட்சமே ஒரு வருஷம். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும், ஒவ்வொரு தடவையும் அதே 28 நாள், அதே மாதிரி ஆட்சேபிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு கிளப்புக்கு ஒரு வருஷம் குடுத்துட்டு அடுத்த வருஷம் மறுத்தாங்க, "இடமும் மாறல, எதுவும் மாறல, எப்படி மறுக்கலாம்"னு அவங்க அப்பீல் கோர்ட் வரைக்கும் போனாங்க, முன்ன குடுத்தத மனசுல வச்சு, ஏன் மாத்தறோம்னு சரியான காரணம் சொன்னா புது கமிட்டி வேற முடிவு எடுக்கலாம்னு 2014ல தீர்ப்பு. லீட்ஸ்லயும் அதே வருஷம் அதே மாதிரி கவுன்சில் பக்கம் தான் தீர்ப்பு வந்துச்சு.

இன்னொரு விஷயம் நிறைய கவுன்சிலர்களுக்கே மறந்து போகும். வட்டாரத் தன்மை, எண்ணிக்கை, இந்த காரணங்கள வச்சு மறுத்தா கிளப் மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல அப்பீல் பண்ண முடியாது, ஜுடீஷியல் ரிவ்யூ தான், அதாவது முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதான்னு மட்டும் கோர்ட் பாக்கறது, அதுக்கு செலவும் ஜாஸ்தி வரம்பும் கம்மி. வழக்கு வந்துடுமோன்னு பயந்துக்கிட்டே குடுக்கற கமிட்டிக்கு இத மரியாதையா ஞாபகப்படுத்துங்க. நமக்கும் அப்பீல் கிடையாது, நாமளும் ஜுடீஷியல் ரிவ்யூ தான், அதுக்கு வக்கீல உடனே பாக்கணும், நாள் ஓடிடும்.

கிளப் திறந்துட்டா ஒரு டைரி போடுங்க. தேதி, நேரம், என்ன பாத்தீங்க, எந்த நிபந்தனைய மீறினாங்க, நீங்க கண்ணால பாத்தது மட்டும், நடந்த அன்னைக்கே எழுதி கவுன்சிலுக்கும் ஈமெயில் போடுங்க, ஏன்னா புதுப்பிக்கற நேரத்துல "இந்த வருஷம் ஒரு புகாரும் வரல"ங்கற வரி தான் ரிப்போர்ட்ல முதல்ல வரும். எங்க டைரியில இதுவரைக்கும் 9 பதிவு, அதுல 4 ஜன்னல்ல போட்ட படம், ஒண்ணு 2 மணிக்கு மேல ஓடினது. ஒண்ணுமே நடக்காத வாரம்னா ஒண்ணும் எழுதாதீங்க, இல்லாதத எழுதினா இருக்கறதும் போயிடும்.

புதுப்பிக்க அப்ளிகேஷன் வர்றப்ப எனக்கு சொல்லுங்கன்னு லைசென்சிங் ஆஃபீஸுக்கு எழுதி வச்சிருக்கேன், ஆனா அத நம்பி இருக்கல. லைசென்ஸ் முடியறது டிசம்பர்ல. அக்கா வீட்டு சமையலறையில தொங்கற முருகன் காலண்டர்ல நவம்பர்ல ரெண்டு நாள சிவப்பு பேனாவால சுழிச்சு வச்சிருக்காங்க, ஒண்ணு சூரன் போர், இன்னொண்ணு கவுன்சில் வெப்சைட்ட திறந்து பாக்க வேண்டிய நாள்.